பின்னேரம் ஆறேகால் ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் முழுக்க இரைச்சல்: வெள்ளவத்தை பிளாட், என்ன செய்யலாம்?

கடற்பக்க ஒழுங்கை:

வணக்கம். ஹாம் றேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசுவதற்கு, நான் புதிது. லைசன்ஸ் இன்னும் இல்லை, சோதனைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குக் கேட்பது மட்டும்தான்.

இடம் வெள்ளவத்தை, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கை, நாலாம் மாடி. கையிலிருப்பது எஸ்.எஸ்.பி. (ஹாம்கள் குரலை அனுப்பும் முறை) வசதியுள்ள சிறிய சிற்றலை றிசீவர். அன்ரெனா என்று சொல்லப்போனால் பல்கனியில் உடுப்புக் கொடிக்கு மேலே குறுக்காக இழுத்த ஒரு வயர், ஆறு மீற்றர் வரும். அம்மா அதிலும் துவாய் காயப்போடுகிறார், அது வேறு கதை.

ஹாம்கள் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதி காலையில் அருமையாகக் கேட்கிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, எங்கே மழை, யார் வீட்டு மாமரத்தில் கட்டிய வயர் அறுந்தது, யாருக்குச் சீனி வருத்தம் கூடியிருக்கிறது என்று கதைக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவைச் சுற்றி நின்று கதைப்பதும் இதைத்தான். நடுவில் கடல் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடித்ததே இதனால்தான். அமெரிக்காவைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றும் பெரிதாக இல்லை.

பிரச்சினை பின்னேரம். ஆறேகால் அளவில் "கிர்ர்" என்று ஒரு இரைச்சல் எழும்புகிறது. சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீற்றர் 3இல் நின்றது 9க்குப் போய்விடும். குரல் ஒன்றும் எடுபடாது. இரவு பத்து மணிபோல் சட்டென்று நின்றுவிடும். எங்கள் வீட்டு ரீவி, வைஃபை, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை.

இன்னொன்று: டுபாயிலிருந்து வரும் மச்சான் ஒரு கைச்செட் (வோக்கிடோக்கி மாதிரிப் பேசவும் கேட்கவும் கூடியது) கொண்டுவரட்டா என்று கேட்கிறார். வாங்கலாமா? "வீட்டில் வயரும் செட்டும் வைத்துக்கொண்டு என்ன வேலை" என்று அம்மா ஏற்கெனவே பயப்படுகிறார். செக்பொயின்ற் காலத்தைக் கொழும்பில் கழித்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ரயில் பாதை ஓரம்:

தம்பி, கடற்பக்கம் என்கிறீர்கள். அலுவலக ரயில்கள் வரிசையாகப் போகும் நேரம் அது. எஞ்சின் இரைச்சலாக இருக்கும்.

பழைய வால்வு:

ரயில் இல்லை. இலங்கையில் மின்சார ரயிலே கிடையாது, கரையோரப் பாதையில் ஓடுவதெல்லாம் டீசல். அப்படியே எஞ்சினிலிருந்து ஏதாவது வந்தாலும் கடந்து போனவுடன் போய்விடும், நாலு மணித்தியாலம் உங்கள் வீட்டு வாசலில் நிற்காது.

முதலில் இதைச் செய்யுங்கள். இரைச்சல் இருக்கும்போது றேடியோவின் சார்ஜரைக் கழற்றி பற்றறியில் ஓடவிடுங்கள். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சையே நிறுத்திப் பாருங்கள். ரீவியை றிமோட்டில் நிறுத்தினால் உள்ளே பவர் சப்ளை ஓடிக்கொண்டுதான் இருக்கும், பிளக்கில் தொங்கும் போன் சார்ஜரும் அப்படித்தான். மெயின் போனபிறகும் இரைச்சல் போகாமல் இருந்தால் குற்றவாளி உங்கள் வீட்டில் இல்லை.

இரண்டாவது, றேடியோவை ஏஎம் முறைக்கு மாற்றி மெதுவாக மேலும் கீழும் திருப்புங்கள். ஒரே சீராக இருக்கிறதா, அல்லது ஐம்பது, அறுபது கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை மேடு கட்டி மேடு கட்டி வருகிறதா? மேடாக வந்தால் அது ஸ்விட்ச்மோட் அடாப்டர், கரண்டை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் வகை. எங்கள் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதை அடாப்டருக்குள் இருக்கும் டயோட் டிசியாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸ் உறுமல் உண்டாகும். அந்த உறுமல் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

மட்டுநகர் மின்னல்:

ஐயா சொல்வது சரி. நான் சேர்ப்பது அன்ரெனா பற்றி. பல்கனிச் சுவருக்குள்தான் கட்டடத்தின் வயர்களும் ஓடுகின்றன. அதற்குப் பக்கத்திலேயே ஒரு வயரை இழுத்தால் அது வானத்தைவிடச் சுவரைத்தான் அதிகம் கேட்கும். முறையான அரை அலை டைபோல் அன்ரெனா என்றால் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீற்றர் நீளம் வேண்டும், பிளாட்டில் அது நடக்காது. கேட்பதற்கு மட்டும் என்றால் ஒரு மீற்றர் விட்டத்தில் வளைய அன்ரெனா செய்து பாருங்கள். அதைச் சுழற்றினால் இரைச்சல் வரும் திசையை அமுக்கிவிடலாம்.

கடற்காற்று இன்னொரு சனியன். இணைப்புகளில் உப்புப் பிடித்துச் செம்பு பச்சையாகிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அந்த இழுவை ரப்பர் ரேப்பைச் சுற்றி விடுங்கள். சாதாரண பிளாஸ்ரிக் ரேப் வெயிலில் கழன்றுவிடும்.

கடற்பக்க ஒழுங்கை:

நன்றி. தம்பி இல்லை, தங்கச்சி :)

மெயினை நிறுத்திப் பார்த்தேன். நாடகம் நடுவில் நின்றதற்கு அம்மாவிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம். இரைச்சல் 9இலிருந்து 8க்கு இறங்கியது, போகவில்லை. ஏஎம்மில் உறுமல் தெளிவாகக் கேட்கிறது, மேடு மேடாகவும் இருக்கிறது. மேடுகள் நேரம் போகப் போக மெல்ல நகர்கின்றன.

பழைய வால்வு:

அம்மாவிடம் பேச்சு வாங்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் பிள்ளை. நகர்கிறது என்றால் அடாப்டர் சூடாகச் சூடாக அதன் அதிர்வெண் மாறுகிறது. மலிவான சாமான்.

நேரத்தைப் பாருங்கள். ஆறேகால் என்பது வெள்ளவத்தையில் விளக்கு வைக்கும் நேரம். தெருவிளக்கு என்றால் விடியும்வரை எரியும், பத்து மணிக்கு நிற்காது. பத்துக்குப் படுக்கப் போகும் யாரோ ஒருவரின் வீட்டில்தான் இது இருக்கிறது.

இனிக் கால்நடையாகத் தேட வேண்டும். வீட்டில் பழைய மத்திய அலைப் பொக்கற் றேடியோ இருக்கிறதா? அதற்குள் அன்ரெனாவாக ஒரு ஃபெரைட் கம்பி இருக்கும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, உறுமல் கேட்கும்போது றேடியோவைக் கிடையாகச் சுழற்றுங்கள். கம்பியின் முனை மூலத்தை நோக்கும்போது சத்தம் அமுங்கும். முன்னுக்கா பின்னுக்கா என்று அது சொல்லாது, இடம் மாறி நின்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். படிக்கட்டில் மாடி மாடியாக இறங்குங்கள். கிட்டப் போனால் திசை குழம்பும், அப்போது சத்தத்தின் அளவையே நம்புங்கள்.

கொட்டாஞ்சேனை கோபுரம்:

கைச்செட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வேண்டாம், இப்போது வேண்டாம். அனுப்பும் பொத்தான் உள்ள எதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் மச்சான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கத்துக்குக் கதை சொல்லிக்கொண்டு நிற்பார். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னாலும் அது சாக்கு ஆகாது.

ஒழுங்கு இதுதான்: ஆணைக்குழுவின் சோதனை, லைசன்ஸ், 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதற்குப் பிறகு செட். நொவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று மூன்று தரம் உண்டு. இலங்கை வானொலிச் சங்கத்தாரோடு முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள், படிக்க உதவுவார்கள். அம்மாவுக்கும் அந்தக் கடதாசியைக் காட்டினால் பாதிப் பயம் போகும்.

மீதிப் பாதிக்கு 2004 டிசம்பர் சுனாமியைச் சொல்லுங்கள். தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது விக்டர் குணதிலக்கவும் அவரோடு சேர்ந்த ஹாம்களும் ஹம்பாந்தோட்டையிலிருந்து சிற்றலைச் செட்டில் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். என் வீட்டில் எதிர்ப்பு அடங்கியது அந்தக் கதைக்குப் பிறகுதான்.

அப்புறம், கைச்செட் வாங்கியதும் உலகம் கேட்கும் என்று எண்ண வேண்டாம். கைச்செட் வேலை செய்யும் 145 மெகாஹெர்ட்ஸ் கிட்டத்தட்டக் கண் பார்வை போகும் தூரம்தான் போகும். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் கிடைக்கும். 16 மீற்றர் உயர மொட்டை மாடிக்கு 16 கிலோமீற்றர் சொச்சம். தெருவில் கையில் பிடித்து நின்றால் ஐந்து. கேட்டதைத் திரும்ப அனுப்பும் றிப்பீற்றர் ஒன்று மலையில் இருந்து கிடைத்தால் கதை மாறும், ஆனால் அனுப்பும் அதிர்வெண்ணை 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைக்க வேண்டும், சில றிப்பீற்றர்களுக்கு அதைத் திறக்கும் ரோன் என்ற மெல்லிய ஒலியும் போட வேண்டும். "எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது போகவில்லை" என்று புதியவர்கள் கேட்பதில் முக்கால்வாசி இந்த இரண்டும்தான்.

மட்டுநகர் மின்னல்:

கேபிளையும் சொல்லுங்கள் அண்ணை. மொட்டை மாடியிலிருந்து நாலாம் மாடிக்கு மெல்லிய ஆர்ஜி-58 அன்ரெனாக் கேபிளை 30 மீற்றர் இழுத்தால் 145 மெகாஹெர்ட்ஸில் முக்கால் பங்கு சக்தி வழியிலேயே போய்விடும். 49 சென்ரிமீற்றர் கால் அலை அன்ரெனாவைப் பல்கனிக் கம்பியிலேயே பூட்டி, கேபிளைக் குறுக்கி வைப்பது சில வேளை மேல்.

கடற்பக்க ஒழுங்கை:

மச்சானுக்குச் சொல்லிவிட்டேன், சொக்லேற் மட்டும் கொண்டுவருகிறார்.

ஆள் அகப்பட்டது! அப்பாவின் பழைய றேடியோவோடு படிக்கட்டில் இறங்கினேன். மூன்றாம் மாடியில் கூடியது, இரண்டாம் மாடியில் ஒரு கதவுக்கு முன்னால் காதைப் பிளந்தது. அந்த வீட்டு அன்ரியை இவ்வளவு காலமும் லிஃப்ற்றில் சிரித்துக் கடந்ததோடு சரி. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். சாமி அறையில் முருகன் படத்தைச் சுற்றி எல்ஈடி பட்டி விளக்கு. மகன் போன தைப்பொங்கலுக்குப் பூட்டியதாம். அடாப்டரில் பெயர் இல்லை, முத்திரை இல்லை, தீப்பெட்டியளவு. நான் றேடியோவைக் கிட்டக் கொண்டுபோனதும் அலறியது, அன்ரி பயந்து "கரண்ட் ஒழுகுதா பிள்ளை?" என்று கேட்டார்.

விளக்கேற்றும் நேரத்தில் போட்டு, படுக்கப் போகும்போது நிறுத்துகிறார். பழைய வால்வு ஐயாவின் கணக்கு அப்படியே சரி. ஆனால் முருகனுக்குப் போட்ட விளக்கை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் கேட்பது? கழற்றாமல் ஏதாவது வழி உண்டா?

பழைய வால்வு:

விளக்கு இருக்கட்டும், அடாப்டரை மாற்றுங்கள். பட்டியில் 12 வோல்ற் என்று எழுதியிருந்தால் ஒழுங்கான தயாரிப்பு 12 வோல்ற் டிசி அடாப்டர் ஒன்றைப் போடலாம். அம்பியர் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும், பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. சில நல்ல கம்பனி அடாப்டரும் இரையும், ஆகவே வாங்கியதும் பொக்கற் றேடியோவைக் கிட்ட வைத்துப் பாருங்கள்.

அதற்கு முன் செலவு குறைந்த வழி: ஃபெரைட் வளையம். அடாப்டரிலிருந்து விளக்குக்குப் போகும் வயரை, இரண்டு இழையும் சேர்த்து, வளையத்துக்குள் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். அடாப்டருக்குக் கிட்டவே இருக்க வேண்டும். அந்தப் பட்டி விளக்கின் வயர்தான் இங்கே அன்ரெனாவாக வேலை செய்கிறது. வயரில் கொழுவும் கிளிப் ஃபெரைட் ஒன்றை மாட்டிவிட்டுப் பலனில்லை என்று பலர் கைவிடுகிறார்கள். ஒரு தரம் நுழைந்தால் 7 மெகாஹெர்ட்ஸில் அது ஒன்றும் செய்யாது. சுற்று இரண்டு மடங்கானால் தடை ஏறக்குறைய நாலு மடங்கு, சூட்சுமம் அங்கேதான்.

பழைய கம்பியூட்டர் பவர் சப்ளைக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வளையம் கிடைக்கும், ஆசைப்பட வேண்டாம். அது இரும்புத்தூள், இந்த வேலைக்கு ஆகாது. கறுப்பாக, சாம்பலாக இருப்பதைத் தேடுங்கள். பவர் சப்ளையை நீங்கள் திறக்கவும் வேண்டாம், உள்ளே கொண்டென்சர் கரண்ட் பிடித்து வைத்திருக்கும்.

கடற்பக்க ஒழுங்கை:

வளையம் சுற்றினோம், அடாப்டரையும் மாற்றினோம். இரண்டுக்கும் காசு நான்தான் கொடுத்தேன், அன்ரி வேண்டாம் வேண்டாம் என்றவர் கடைசியில் வடைப் பொதி ஒன்றைத் தந்துவிட்டார். வளையத்தோடு மட்டும் 9 ஆறாக இறங்கியது. அடாப்டரும் மாறியபிறகு 4. முருகன் முன்பைவிடப் பளிச்சென்று இருக்கிறார் என்று அன்ரிக்குச் சந்தோஷம்.

நேற்றுப் பின்னேரம் ஏழு மணிக்கு ஒருவர் எங்கோ மதுரைப் பக்கமிருந்து பேசியது வசனம் வசனமாக விளங்கியது. இப்போது அன்ரியின் மகனும் இது என்ன விளையாட்டு என்று கேட்கிறார்.

மீதி ஒன்று இருக்கிறது. லிஃப்ற் ஓடும்போது மட்டும் ஒரு சீழ்க்கைச் சத்தம், நின்றதும் நின்றுவிடும்.

பழைய வால்வு:

9இலிருந்து 4க்கு, ஐந்து எஸ் இறங்கியது என்றால் 30 டெசிபல், ஒரு வளையத்துக்கும் ஒரு அடாப்டருக்கும் அது நல்ல பலன். லிஃப்ற் மோட்டரை வேகம் கட்டுப்படுத்தும் டிரைவின் சத்தம் அது. அதில் நீங்களும் நானும் கை வைக்க முடியாது. அடுத்த முறை பராமரிப்புக்காரர் வரும்போது டிரைவுக்கு ஃபில்ற்றர் பூட்டியிருக்கிறதா, எர்த் சரியா என்று முகாமைக் குழு மூலம் கேட்டுப் பாருங்கள். அதுவரை வளைய அன்ரெனாவைச் செய்து லிஃப்ற் பக்கத்துக்குத் திருப்பி அமுக்குங்கள். அன்ரியின் மகனையும் சோதனைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேராகப் படித்தால் மோர்ஸ் பழக ஆள் இருக்கும்.

ரயில் பாதை ஓரம்:

என் வீட்டிலும் ஆறு மணிக்குப் பிறகு இதே கூத்துத்தான். ரயில் என்றே நினைத்திருந்தேன். கறுப்பு வளையம் புறக்கோட்டையில் எந்தப் பக்கம் எடுத்தீர்கள் தங்கச்சி?

கடற்பக்க ஒழுங்கை:

கடையில் எடுக்கவில்லை அண்ணா. திருத்த முடியாத பழைய குண்டு ரீவி ஒன்று எங்கள் ஒழுங்கை றிப்பேர் கடையில் கிடந்தது. படக்குழாயின் கழுத்தில் இருக்கும் ஃபெரைட்டைக் கடைக்காரரே கழற்றித் தந்தார். நீங்களாகக் கழற்ற வேண்டாம், குழாய் உடைந்தால் ஆபத்து. உங்கள் பக்கத்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், குப்பைக்குத்தான் போடுகிறார்கள்.