பத்தாண்டு கடந்தும் துணைப் பயிற்சியாளர்: தேக்கமா, தேர்வா?

மைதானத்தான்:
அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் (பேஸ்பாலை ஒத்த ஆட்டம்) துணைப் பயிற்சியாளர் பதவி ஏறிக் கடக்க வேண்டிய படியே தவிர, குடியிருக்கும் வீடு அன்று என்பது என் கருத்து. டிம் வால்டன் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பாட்டி காஸோ (Patty Gasso) என்ற தலைமைப் பயிற்சியாளரின் கீழ்ச் சில ஆண்டுகள் துணையாக இருந்து, 2000-ஆம் ஆண்டுத் தேசிய சாம்பியன் பட்டத்தில் பங்குபெற்று, பிறகு விச்சிட்டா ஸ்டேட்டுக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சென்று, அங்கிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்து 2014, 2015 இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றார். யூ.சி.எல்.ஏ.வில் (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கெல்லி இனூயே-பெரெஸ் 13 ஆண்டுகள் துணையாக இருந்தது உண்மைதான். ஆனால் 2007-இல் தலைமைப் பொறுப்பு கைக்கு வந்ததால்தான் 2010, 2019 பட்டங்கள் அவர் பெயரில் நிற்கின்றன. பத்து ஆண்டு கழிந்தும் அந்தப் பொறுப்பு வராதவர் தேங்கிவிட்டார் என்றே நான் கொள்வேன்.

சுழல்விரல்:
நண்பரே, வால்டனின் அந்த இரண்டு பட்டங்களின்போதும் அவருடைய பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெனிஃபர் ரோச்சா. அவர் 2018-இல் ஒக்லஹோமாவுக்கு மாறினார். அங்கே 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள் வந்தன. இரண்டு கல்லூரிகள், ஆறு பட்டங்கள், எல்லாமே துணைப் பயிற்சியாளராக இருந்தபடியே. தங்கள் கணக்கில் இவர் தேங்கியவரா?

பந்துவீச்சுப் பயிற்சியாளரின் வேலையைத் தாங்கள் மேலோட்டமாகவே பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பந்து வீசும் இடத்திலிருந்து 43 அடி தூரத்தில் நிற்கும் மட்டையாளரிடம் பந்து அரை நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும் இந்த ஆட்டத்தில், அடுத்த பந்து மேலெழும் ரைஸ் பாலா, கீழிறங்கும் டிராப் பாலா, வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப்பா என்பதைப் பல அணிகளில் தீர்மானிப்பவர் வீரர்கள் அமரும் இடத்தின் ஓரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அந்தத் துணைப் பயிற்சியாளர்தான். அவர் விரல்களால் எண்களைக் காட்ட, மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் மணிக்கட்டில் கட்டிய அட்டையைப் பார்த்துப் பொருள் கொள்கிறார். எதிரணி மட்டையாளர்களின் பழைய ஆட்டங்களை இரவெல்லாம் காணொளியில் பார்த்து அந்த அட்டையைத் தயாரிப்பவரும் அவரே. தோள் களைத்ததை மறைக்கும் பிட்சரின் (பந்து வீசுபவரின்) முகத்தை ஐந்தாவது இன்னிங்ஸில் படித்தறிவதற்கு எத்தனை பருவங்கள் தேவை என்று நினைக்கிறீர்கள்? இது தனியொரு கலை. தலைமைப் பதவிக்கான ஒத்திகை அன்று.

லிசா ஃபெர்னாண்டஸையும் எண்ணிப் பாருங்கள். 1996, 2000, 2004 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 25 முறை மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர், அதாவது பந்தை அடிக்க விடாமல் ஆட்டமிழக்கச் செய்தவர் (அந்த ஆட்டத்தில் அவர் அணி தோற்றது என்பது வேறு கதை). அப்பேர்ப்பட்டவர் தாம் படித்த யூ.சி.எல்.ஏ.விலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் துணைப் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். வாய்ப்பு வராமலா?

பழைய கேட்சர்:
இருவரும் உச்சியில் இருக்கும் பெயர்களை மட்டுமே வைத்து வாதாடுகிறீர்கள். ஒரு நடுத்தரக் கல்லூரியில் நான் மூன்று பருவங்கள் 'தன்னார்வப் பயிற்சியாளர்' என்ற பெயரில் வேலை பார்த்தேன். 2023 ஜூலை வரை, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஒரு தலைமைப் பயிற்சியாளருக்கும் இரண்டு துணைப் பயிற்சியாளர்களுக்கும் மட்டுமே சம்பளம் தர விதி இடம் கொடுத்தது. நான்காவது ஆள் ஊதியமின்றி உழைக்க வேண்டும். கோடை முகாம்களில் பள்ளிச் சிறுமிகளுக்குப் பயிற்சி அளித்துக் கிடைத்த பணமும், காலை வேளைகளில் மாற்று ஆசிரியையாகச் சென்ற வருமானமுமே எனக்குச் சோறு போட்டன. மற்றவர்களைப் போலவே நானும் பேருந்தில் இரவுப் பயணம் செய்தேன்; மழை பெய்தால் ஆடுகளத்துக்குத் தார்ப்பாய் இழுத்தேன்.

பெற்றோரின் கைப்பணமோ கணவரின் சம்பளமோ இருப்பவர்தான் அந்த மூன்று, நான்கு ஆண்டுகளைத் தாண்டி வர முடியும். 1972-இல், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ஒன்பதாம் பிரிவுச் சட்டம் (டைட்டில் IX) வந்த காலத்தில் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்சியாளர்களாக இருந்தார்கள். இன்று அது பாதிக்கும் கீழே. ஏணியின் முதல் படிக்கே காசு கேட்டால் யார் ஏறுவார்கள் என்பதை இருவரும் பேசவே இல்லை.

மைதானத்தான்:
அம்மா, தாங்கள் சொன்னது என் கண்ணில் படாத பக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒரு தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால், புதிதாக வருபவர் தம் ஆட்களையே அழைத்துக்கொண்டு வருகிறார். பழைய துணைப் பயிற்சியாளர்கள், எவ்வளவு திறமை இருந்தாலும், ஜூன் மாதத்தில் மேசையைக் காலி செய்கிறார்கள். இன்னொருவரின் வெற்றி தோல்வியில் தன் பிழைப்பை முப்பது ஆண்டுகள் தொங்கவிடுவதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது? 2024-இல் டெக்சஸ் டெக்குக்கு மாறிய பிட்சர் நைஜாரி கனடிக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் கிடைத்தது. அவர் ஆட்டத்துக்கு அந்தத் தொகை தகும். ஆனால் பல கல்லூரிகளில் பிட்சருக்கு எறியக் கற்றுக்கொடுப்பவர் பல ஆண்டுகள் உழைத்தாலும் அதை எட்ட மாட்டார்.

சுழல்விரல்:
நீக்கப்படுகிறவர்களில் முதல் ஆள் தலைமைப் பயிற்சியாளர்தானே, அந்த நாற்காலியில் மட்டும் என்ன பாதுகாப்பு? மேலும் இப்போது அந்த நாற்காலியின் வேலையே மாறிவிட்டது. கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று 2025-இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் அணிக்கு 25 பேர் என்ற வரம்பு. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீராங்கனைகளின் பட்டியலைப் பார்த்துப் பேரம் பேசுவது, நன்கொடையாளர்களுடன் விருந்துண்பது, யாருக்கு எவ்வளவு பணம் என்று பிரிப்பது என நாள் கழிகிறது. பந்தின் சுழற்சியைத் திருத்துவதில் மகிழ்ச்சி காண்பவர் அதை வேண்டாம் என்று சொன்னால் அது குறையாகாது. பொறுமையாக ஒரே இடத்தில் இருந்தவர்களுக்கு வாசல் திறக்காமலும் இல்லை: அரிசோனாவில் 1986 முதல் தலைமை வகித்த மைக் கேண்ட்ரியா 2021-இல் ஓய்வு பெற்றபோது, அவரிடம் ஆடி, அவரிடமே துணையாக இருந்த கெய்ட்லின் லோவ் பொறுப்பேற்று, முதல் பருவத்திலேயே அணியை தேசியப் பட்டத்துக்காக ஒக்லஹோமா சிட்டியில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்கு அழைத்துச் சென்றார்.

பழைய கேட்சர்:
ஃபெர்னாண்டஸுக்கு அது தேர்வு. என் போன்றவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது. நான் விட்டுவந்த இடத்துக்கு இப்போது சம்பளம் தர விதி அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. அதே கல்லூரி போன மாதம் விளம்பரம் கொடுத்திருந்தது. தொகையை எங்கள் ஊர் வீட்டு வாடகையுடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பள்ளி வேலையிலேயே இருந்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு வயதுப் பிட்சர் ஒருத்திக்கு டிராப் பால் சொல்லிக்கொடுக்கிறேன், வாளி மேல் உட்கார்ந்துதான்.