தாண்டிக்குடி பக்கம் வீட்டுக்கு வானம் தோண்டும்போது கல்பெட்டியும் பானையும்: என்ன செய்யலாம்?

மிளகுக்கொடி:
தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் காபித் தோட்டத்து மேல்மூலையில் வீடு கட்டுகிறோம். நேற்று ஜேசிபி வானம் எடுக்கும்போது மூன்றடி ஆழத்தில் ஒரு பலகைக்கல்லில் பக்கெட் இடித்தது. டிரைவர் புரட்டிவிட்டார். அடியில் நாலு பக்கமும் கல் நட்டு, பெட்டி மாதிரி இருக்கிறது. உள்ளே மண் அடைந்த பானை; வாய்ப்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் சிவப்பு. பக்கெட் பட்டு விளிம்பு ஒரு கை அளவு உடைந்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. இந்த மாதிரிக் கற்களைப் பாட்டி 'குள்ளர் வீடு' என்பார். பக்கத்தில் விளையாடக்கூட விடமாட்டார். மேஸ்திரி அந்தக் கல்லை அஸ்திவாரத்துக்கே போட்டுவிடலாம் என்கிறார். வெளியே சொன்னால் நிலம் போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம். என்ன செய்யட்டும்?

சண்முகநதிக்கரை:
தம்பி, முதலில் வண்டியை நிறுத்துங்கள். இது பழங்காலத்தில் இறந்தவர்களுக்காகக் கட்டிய கல்லறையாக இருக்கலாம். பானையைத் தூக்க வேண்டாம், கழுவ வேண்டாம், உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டவே வேண்டாம். உங்கள் மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009-ல் தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தோண்டிய இதே மாதிரி ஈமக்குழியில் (இறந்தவர்களைப் புதைத்த குழி), நாலு கால் ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அந்த நெல்லைச் சோதித்துத்தான் கி.மு. 490 என்று காலம் தெரிந்தது. வெறும் மண்தானே என்று யாராவது தட்டிவிட்டிருந்தால்? உடைந்த ஓடுகளையும் கிடந்த இடத்திலேயே விடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் சூதுபவள மணி (சிவப்புக் கல்மணி) இருந்தாலும் இருக்கும். தோண்டிப்போட்ட மண்ணை லாரியில் ஏற்றிவிடாதீர்கள்.

பட்டா எண்:
அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வீடு கட்டத் தடை என்பது மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் வருவது. ஒரு பானை கிடைத்ததாலேயே யாரும் தோட்டத்தை எடுத்துக்கொள்ள முடியாது. மறைப்பதுதான் வம்பு. மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருடப் புதையல் சட்டமே சொல்கிறது. விஏஓவிடம் எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல்தாண்டி:
நான் இங்கிலாந்தில் கட்டட வேலை பார்க்கிறேன். இங்கே இந்த மாதிரி இடம் என்றால், வீட்டுக்கு அனுமதி தரும்போதே தொல்லியல் ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். பல் இல்லாத பக்கெட்டால் மண்ணை மெல்லிசாகச் சீவச் சொல்வார். மண்ணின் நிறம் மாறினால் கை காட்டுவார், வண்டி நின்றுவிடும். பதிவு முடிந்ததும் வேலை தொடரும். நம் ஊரில் வீட்டு மனைக்கு அப்படி யாரும் வருவதில்லை. அதனால் நீங்களே நின்று பாருங்கள் அண்ணே. மிச்ச வானத்தை மண்வெட்டியால் எடுக்கச் சொல்லுங்கள்.

மிளகுக்கொடி:
எல்லோருக்கும் நன்றி. காலையில் விஏஓவிடம் மனு கொடுத்தாயிற்று. மழை வருகிற மாதிரி இருந்தது, அப்பாவே தார்ப்பாய் கொண்டுவந்து குழியை மூடினார். பலகைக்கல்லில் சுண்ணாம்பால் குறி போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். வரைபடத்தில் சமையலறையை ஆறடி தள்ள முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன்.