தாமிரபரணிக் கரையில், முதியவர்களே மிகுந்த தெருவில் குடியேறலாமா?

பொருநைப்பேரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் வைகாசியில் நான் பணி ஓய்வு பெறுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் வசிக்கிறோம். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே, ஆற்றங்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் என் தந்தையார் வாழ்ந்த வீடு இருக்கிறது. தெருவில் மொத்தம் இருபத்தாறு வீடுகள். அவற்றில் ஒன்பது பூட்டிக் கிடக்கின்றன. மற்ற வீடுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். சென்ற பொங்கலுக்குச் சென்றிருந்தபோது, பிற்பகலில் திண்ணையில் அமர்ந்தால் வாய்க்கால் மதகில் தண்ணீர் விழும் ஓசையைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. அந்த அமைதிக்காகவே சென்னை அடுக்ககத்தை விற்றுவிட்டு அங்கே போய்விடலாம் என்று நினைக்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். மனைவிக்கு முழங்கால் வலி. இத்தகைய ஊர்களில் வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் வெள்ளம், மருத்துவம், அன்றாடப் பாடு ஆகியவற்றைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மருதூர்க்கால்:

அண்ணாச்சி, வணக்கம். நான் உங்களுக்குக் கீழே, திருவைகுண்டம் பக்கத்தில் இருப்பவன். முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமது ஆறு பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேர ஏறத்தாழ 128 கி.மீ. மட்டுமே ஓடுகிறது. பாபநாசம் அணையும் மணிமுத்தாறு அணையும் நிரம்பியிருக்கும் வேளையில் சமவெளியிலும் மழை கொட்டினால், கரையில் இருப்பவர்களுக்கு யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. 1992 நவம்பர் வெள்ளத்தை உங்கள் தெருப் பெரியவர்கள் அனைவரும் நினைவில் வைத்திருப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தபோது எங்கள் பகுதி தீவாகிவிட்டது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, கைப்பேசியும் இல்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் குரலைக் கேட்க முடியாமல் நாள் கணக்கில் துடித்தார்கள்.

ஆகவே வீட்டை மராமத்து பார்ப்பதற்கு முன், அந்த இரண்டு வெள்ளங்களிலும் தண்ணீர் உங்கள் வீட்டில் எந்தப் படி வரை ஏறியது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அந்தத் தண்ணீர்க்கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. சுண்ணாம்பு அடித்தாலும் மறையவில்லை. இன்சுலினைப் பற்றியும் ஒரு சொல். பயன்பாட்டில் இருக்கும் மருந்து அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும் என்பார்கள். கவலை எல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இருப்பைப் பற்றித்தான். என் தாயார் அதைத் தண்ணீர் புகாத உறையில் கட்டி, சிறு குப்பிக்குள் வைத்து, ஈரமணல் நிரப்பிய மண்பானையில் புதைத்து வைத்தார். ஐப்பசி பிறக்கும்போதே எங்கள் வீட்டில் ஒரு பானை தயாராகிவிடுகிறது.

தார்சா:

ஐயா, என் தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காக ஊர் திரும்பியவன் நான். வெள்ளத்துக்கு அஞ்சுவதில் பாதியளவாவது உங்கள் வீட்டின் நீளத்துக்கும் அஞ்சுங்கள். ஆற்றங்கரைத் தெருவின் பழைய வீடுகள் முன் வாசலிலிருந்து கொல்லை வரை ரயில்பெட்டி போல நீண்டிருக்கும். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை எல்லாவற்றையும் கடந்து கடைசியில்தான் கழிப்பறை. என் தாயார் இரவு இரண்டு மணிக்கு மூன்று நிலைப்படிகளைத் தாண்டிப் போகும்போது கடைசிப் படியில் கால் இடறி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. 108 ஆம்புலன்ஸ் தாமதமில்லாமல் வந்தது, திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம், அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதன்பிறகு அவர் ஆற்றுக்குப் போனதே இல்லை. எழுபது ஆண்டுகள் நாள்தோறும் படித்துறையில் குளித்தவர், இப்போது சன்னல் வழியாகத் தண்ணீரின் நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். கலங்கல் என்று சொன்னால் மலையில் மழை என்று அவரே சொல்லிவிடுவார்.

படுக்கும் அறையை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டாமல் குடிபோகாதீர்கள். மனைவியாரின் முழங்காலுக்கும் அதுவே நல்லது. படித்துறைப் பாசி வழுக்கும். அந்த இடத்தில் அவரைத் தனியாக இறங்க விடாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கே வருகின்றன. திடீர் நெஞ்சுவலிக்கு மட்டும் தொலைவைக் கணக்கில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வடகரை அக்கா:

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இந்த மாற்றத்தைப் பற்றி உங்கள் மனைவி என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே. நானும் என் கணவரும் 2019இல் இப்படித்தான் வந்தோம். இரண்டு ஆண்டுகள் மிக நிறைவாக இருந்தன. பிறகு அவர் போய்விட்டார். இருவராக இருந்தபோது இனித்த அமைதி, ஒருத்தியானபின் மாலை ஆறு மணிக்குமேல் தாங்க முடியாததாக இருந்தது. வருவதற்கு முன்பே நீங்கள் இருவரும் இதைப் பேசிக்கொள்ள வேண்டும். யார் மிஞ்சினாலும் அவரால் அந்தத் தெருவில் இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் திரும்பிப் போகவில்லை. காரணம், எங்கள் தெருவில் அறுபது வயதுக்குக் குறைந்தவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள்: பால் கறப்பவர், ஆட்டோ ஓட்டும் தம்பி, கோயில் பட்டர், சமைத்துக் கொடுக்கும் ஒரு பெண், அவளுடைய மகன். காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். எந்த வீட்டு வாசலில் குடம் வைக்கும் சத்தம் கேட்கவில்லையோ, அந்த வீட்டுக் கதவை அந்தப் பெண் தட்டிவிடுவாள். சென்ற மாசியில் எதிர்வீட்டுப் பெரியவர் மயங்கிக் கிடந்தது அப்படித்தான் தெரிந்தது. கார்த்திகையில் அஞ்சல்காரர் கருவியோடு திண்ணைக்கே வந்து ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றைப் பதிந்து கொடுக்கிறார். ஆயுள் முழுக்கப் புளிகரைத்துத் தேய்ந்துபோன என் விரல் ரேகை கருவியில் விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து, வேறு விரல் மாற்றி, நான்காம் முறைதான் விழுந்தது. அதுவரை அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

உங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பூட்டிய வீடுகளை எண்ணியதைவிட அது பயன்படும்.

பொருநைப்பேரன்:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அக்காவின் மறுமொழியை நேற்றிரவு மனைவியிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதலில் நான் அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கிறேன்" என்றாள். அடுக்ககத்தை இப்போது விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஐப்பசி முதல் மார்கழி முடிய அங்கே தங்குகிறோம். அதற்குள் கூடத்தை ஒட்டிய சாமான் அறையைக் கழிப்பறையாக மாற்றக் கொத்தனாரிடம் பேசியாயிற்று. 1992இல் தண்ணீர் எங்கள் இரண்டாம் படியோடு நின்றதாகவும், 2023இல் வாசலுக்கே வரவில்லை என்றும் பக்கத்து வீட்டுச் சித்தப்பா தொலைபேசியில் சொன்னார். அறுபதுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டபோது விரல்விட்டு எண்ணி, "மூணு பேர் இருக்கான்டா, நீ வந்தா உனக்கும் அறுபது தாண்டியிருக்கும்" என்றார்.