அம்பாசிடர் மார்க் 2: சார்ஜ் லைட் அணையவில்லை, உதவுங்கள்

மன்னார்குடியிலிருந்து:
வணக்கம். அப்பா ஓட்டிய வண்டி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற இன்னும் பழைய டைனமோதான். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க வயலோரக் கொட்டகையில் நின்றது. இப்போது எவ்வளவு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் சிவப்பு லைட் அணைய மாட்டேன் என்கிறது. பேட்டரியில் இன்ஜின் நிற்கும்போது 12.5 வோல்ட், ஓடும்போது 12.1. டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. எங்கிருந்து பார்க்கலாம்?

கும்பகோணத்திலிருந்து:
தம்பி, எதையும் மாற்றாதீர்கள். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும், அதற்கு மேல் தொய்வு கூடாது. அப்புறம் டைனமோவின் டி, எஃப் முனைகளில் வரும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். மீட்டரின் ஒரு குச்சி அதில், இன்னொன்று இன்ஜின் பாடியில். மெதுவாக வேகம் கூட்டுங்கள். வோல்ட் தடங்கலில்லாமல் ஏறி 20ஐத் தொட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது, உடனே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஒரு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயில் (அசையாமல் நிற்கும் காந்தச் சுருள்) பழுது. நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் சுருள்) பழுது. எதுவுமே வராவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து:
கொட்டகையில் நின்ற வண்டி என்றால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சம்பா அறுவடை நேரத்தில் எனக்கு அதுதான் நடந்தது.

மன்னார்குடியிலிருந்து:
ஒயரில் கடி இல்லை. 20 வோல்ட் சுலபமாக வந்தது. ஒயர்களைத் திரும்ப மாட்டி ஓட்டினால் லைட் முதலில் மங்குகிறது, வேகம் கூடக் கூட முன்னைவிடப் பளிச்சென்று எரிகிறது.

கும்பகோணத்திலிருந்து:
அந்தப் பளிச்சுதான் துப்பு. டைனமோ செத்திருந்தால் லைட் ஒரே மாதிரி எரியும். உங்களுடையது கரண்ட் தருகிறது, டைனமோவைப் பேட்டரியோடு தானாகச் சேர்க்கும் சுவிட்சான கட்-அவுட்டின் பாயின்ட் மூடாததால் அது பேட்டரிக்குப் போகவில்லை. கட்-அவுட் பெட்டியில் ஈ என்ற முனை எர்த், அதாவது வண்டி பாடியோடு சேரும் இணைப்பு. அது விட்டுப்போனால் பாயின்ட்டும் மூடாது, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் வேலை செய்யாது. டைனமோ கட்டுப்பாடில்லாமல் ஓடிக் கருகிவிடும். சரிபார்க்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அந்த முனையைச் சுரண்டுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:
ஈ முனையில் பச்சைக் களிம்பு அப்பியிருந்தது, திருகும் தளர்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினேன். லைட் அணைந்துவிட்டது, வேகத்தில் 14.1 காட்டுகிறது. ரொம்ப நன்றி அண்ணா! ஐடிலில் மட்டும் லைட் லேசாக மினுக்குகிறதே?

கும்பகோணத்திலிருந்து:
டைனமோ வண்டிக்கு அது இயல்பு, ஐடிலில் கரண்ட் பற்றாது. இரவில் ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஹெட்லைட்டை அணைத்துவிடுங்கள்.