செடோனா, நாஸ்கி, பிஜி, பேட்டில்: முட்டுக்காட்டுக்கு எந்த மீன்பிடி ரீல் எடுப்பது?

பட்டினப்பாக்கம்_தூண்டில்:
வணக்கம். புது ஸ்பின்னிங் ரீல் எடுக்க வேண்டும், குழப்பமாக இருக்கிறது. ராடு 8 அடி, லூர் (செயற்கை இரை) 10 முதல் 30 கிராம் வரை. பெரும்பாலும் முட்டுக்காடு பேக்வாட்டரில் கொடுவாவுக்கு வீசுவேன், சில ஞாயிறுகளில் கோவளம் பாறைக்கும் போவேன். இப்போது இருப்பது பெயரில்லாத மலிவு ரீல். சுற்றினால் கரகரவென்று சத்தம். டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விடும் பிரேக்) முழுக்க இறுக்கினாலும் மீன் இழுத்தால் நரம்பு ஓடிவிடுகிறது.

மனதில் இருப்பவை: ஷிமானோ செடோனா எஃப்ஜே, நாஸ்கி எஃப்சி, டைவா பிஜி, பென் பேட்டில் 3. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. பேரிங் மட்டும் 3+1, 4+1, 6+1, 5+1 என்று மாறுகிறது. பாரிமுனைக் கடையில் "பேரிங் அதிகம் உள்ளதை எடுங்க சார்" என்கிறார்கள். பட்ஜெட் பத்தாயிரத்தை ஒட்டி. சைஸும் சொல்லுங்கள்.

உப்புக்காத்து:
தம்பி, பேரிங் எண்ணிக்கையை முதலில் மறந்துவிடுங்கள். அந்த "+1" என்பது கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ரோலர் கிளட்ச். கடல் ரீலில் முதலில் மக்கர் பண்ணும் இடங்கள் அதுவும், நரம்பு ஓடும் லைன் ரோலரும்தான். உப்புத்தண்ணீர் உள்ளே போகும், காய்ந்து படியும், அப்புறம் சத்தம் வரும். ஆறு பேரிங் இருந்து ஆறும் துருப்பிடித்தால் என்ன லாபம்?

செடோனாவுக்கும் நாஸ்கிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கேதான். இரண்டிலும் ஹகானே கியர் உண்டு, அதாவது வெட்டி எடுக்காமல் அழுத்தி உருவாக்கிய உலோக கியர். நாஸ்கியில் கூடுதலாக கோர்புரொடெக்ட் இருக்கிறது: ரோலர் கிளட்ச், பாடி, லைன் ரோலர் மூன்றிலும் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஏற்பாடு. செடோனாவில் அது கிடையாது. செம்பரம்பாக்கம் பக்கம் விராலுக்குப் போகிறவர் என்றால் செடோனாவே போதும் என்பேன். நீங்கள் உப்புத்தண்ணீரில் நிற்கிறவர், கூடுதல் காசு கொடுத்து நாஸ்கி எடுங்கள்.

பாறைமேல்_நிற்பவன்:
ப்ரோ, எதற்கு பிளாஸ்டிக் பாடி? பிஜி எடுங்க. அலுமினியம் பாடி, பெரிய கியர். 2016-ல் வந்த மாடல், இன்னும் ஆட்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். கோவளத்தில் நல்ல பாறை மீன் ஒன்று மாட்டிக் கல்லுக்குள் ஓடும்போது பாடி வளையாமல் இருந்தால்தான் கைப்பிடியைச் சுற்ற முடியும். மெட்டல் பாடி வேண்டும், ஆனால் பிஜி கிடைக்கவில்லை என்றால் பேட்டில் 3. அதன் எச்டி-100 கார்பன் டிராக் சூடானாலும் பிடி விடாது.

உப்புக்காத்து:
பாறைமேல் சொல்வது தப்பில்லை, ஆனால் அவர் வீசுவது 60 கிராம் ஜிக் (கனமான உலோக இரை). தம்பியின் ராடு 30 கிராமோடு சரி. முட்டுக்காட்டில் விடியற்காலையிலிருந்து ஜிக்ஹெட் (ஈயத்தலைக் கொக்கி) வீசிக்கொண்டே நிற்கும்போது ரீலின் எடை மணிக்கட்டில் தெரியும். நாஸ்கி 4000 ஏறக்குறைய 300 கிராமுக்குள் நின்றுவிடும். பிஜி 3000 அதைத் தாண்டிவிடும். இன்னொன்று, பிஜியின் சைஸ் எண் டைவாவின் பழைய கணக்கில் உள்ளது. பிஜி 3000-ஐ ஷிமானோ 4000-க்குச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் பிஜி 4000 வாங்கி, ராடு முன்னால் தூக்கிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்க்கலாம்.

பட்டினப்பாக்கம்_தூண்டில்:
நன்றி அண்ணா. நாஸ்கியில் சி3000எச்ஜி-க்கு டிராக் 9 கிலோ, 4000எக்ஸ்ஜி-க்கு 11 கிலோ என்று போட்டிருக்கிறதே, அதிகம் உள்ளதைத்தானே எடுக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
20 பவுண்டு நரம்பு என்றால் சுமார் 9 கிலோவில் அறும். டிராக்கை அதில் கால் பங்குக்கு வைப்பதுதான் வழக்கம், அதாவது இரண்டே கால் கிலோ. 9-ம் 11-ம் உங்களுக்கு ஒன்றுதான். இரண்டு கிலோவில் டிராக் திக்காமல் சீராக ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எழுத்துகளையும் சொல்லிவிடுகிறேன். சி3000 என்றால் 2500 பாடியில் 3000 ஸ்பூல் (நரம்பு சுற்றும் உருளை). எச்ஜி, எக்ஸ்ஜி இரண்டும் வேக கியர். இந்த ரீல்களில் சி3000எச்ஜி, 4000எக்ஸ்ஜி இரண்டுக்கும் கியர் விகிதம் 6.2:1 தான், எழுத்தைப் பார்த்து எக்ஸ்ஜி இன்னும் வேகம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பூல் பெரிது என்பதால் 4000 ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவே. பேக்வாட்டர் மட்டும் என்றால் சி3000. கோவளமும் உண்டு என்கிறீர்கள், 4000 எடுங்கள்.

சரி, ஒரு சந்தேகம். டிராக் இறுக்கியும் நரம்பு ஓடுகிறது என்றீர்களே, அப்போது ஸ்பூல் சுற்றுகிறதா, இல்லை ஸ்பூல் நின்றபடி நரம்பு மட்டும் அதன்மேல் சுற்றுகிறதா? ஸ்பூலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு இழுத்துப் பாருங்கள்.

பட்டினப்பாக்கம்_தூண்டில்:
இப்போதுதான் செய்து பார்த்தேன். கோடு அசையவே இல்லை, பிரெய்டு (பின்னல் நரம்பு) மொத்தமாக வழுக்கிச் சுற்றுகிறது!

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் டிராக் நன்றாகத்தான் இருக்கிறது. பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டியிருக்கிறார்கள். பிரெய்டு வழுவழுப்பு, உலோகத்தில் பிடிக்காது. பத்தாயிரம் கொடுத்து வாங்கும் ரீலிலும் இதே கதை நடக்கும். முதலில் சில மீட்டர் தங்கூசியை (ஒற்றை இழை நைலான் நரம்பு) கட்டி இறுக்கிச் சுற்றி, அதன் முனையில் பிரெய்டைச் சேருங்கள். கடையில் சுற்றித் தந்தால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாறைமேல்_நிற்பவன்:
அட, நானும் டிராக் வாஷர் போச்சு என்றே நினைத்தேன். 😀 ஆனால் கரகர சத்தம் தனிக் கேஸ். பெயிலை (நரம்பை ஸ்பூலுக்கு வழிநடத்தும் கம்பி வளையம்) திறந்துவைத்து லைன் ரோலரை விரலால் உருட்டுங்கள். அங்கே இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் போதும். ரோலர் நன்றாக ஓடியும் சத்தம் வந்தால் மணல் கியருக்குள் போயிருக்கிறது, திறந்து துடைத்து கிரீஸ் போட வேண்டும்.

பட்டினப்பாக்கம்_தூண்டில்:
ரோலர் சுற்றவே இல்லை, கல் மாதிரி நிற்கிறது. எண்ணெய் போட்டுப் பார்க்கிறேன். பழையதை ஏரிக்கு வைத்துக்கொண்டு நாஸ்கி 4000எக்ஸ்ஜி எடுக்கலாம் என்றிருக்கிறேன். கழுவுவது எப்படி? வீட்டில் வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பேன்.

உப்புக்காத்து:
முக்காதீர்கள், குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சவும் வேண்டாம். உப்பை அதுவே உள்ளே தள்ளிவிடும். கோர்புரொடெக்ட் இருக்கிறது என்று முக்குகிறவர்களும் உண்டு. அது அலை தெறிப்பதற்கு, குளிப்பாட்டுவதற்கு அல்ல. டிராக் குமிழை இறுக்கி, நல்ல தண்ணீரை மேலாகத் தெளித்து, துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள், வாஷர் அழுந்தியே கிடக்க வேண்டாம். கடையில் பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் பின்னால் ஸ்பேர் வேண்டும்போது அலைய வேண்டியிருக்கும்.

பிரெய்டு முனையில் 30 அல்லது 40 பவுண்டு லீடர் (முனையில் சேர்க்கும் தடித்த நரம்புத் துண்டு) போட மறக்க வேண்டாம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, வெறும் பிரெய்டு ஒரு உதறலுக்குத் தாங்காது.