ஸ்வீட்கம் என்று நினைத்தது ஆமணக்கு: என் அனுபவம்

நான் ஸ்வீட்கம் மரத்தை முதலில் பார்த்தது போன நவம்பரில், வட கரோலினாவில் தங்கை வீட்டு வாசலில். ஒரே மரத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கத்தரிப்பூ நிறம் எல்லாம் இருந்தன. "மேப்பிள்தானே?" என்றேன். "இல்லக்கா, ஸ்வீட்கம்" என்றாள். என்ன வித்தியாசம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கோ அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தேன். மேப்பிளில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். இதில் இந்தப் பக்கம் ஒன்று, கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வந்திருந்தன. இலை ஐந்து முனை நட்சத்திரம், சிலவற்றில் ஏழு. நம்ம ஊர் ஆமணக்கு இலையை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் கிட்டத்தட்ட இதுதான். கசக்கினால் பிசின் வாசனை. சிறு கிளைகளில் தக்கை போல வரப்பு வரப்பாகப் புடைத்திருந்தது. எல்லா மரத்திலும் இது இருக்காதாம், அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது. காயைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. நீளக் காம்பில் தொங்கும் முள் உருண்டை, காய்ந்து கட்டையாகி விழும். செருப்பில்லாமல் வாசலில் இறங்கி ஒன்றை மிதித்துவிட்டேன், இரண்டு நாள் வலி.

இந்தக் காய்த் தொல்லை வேண்டாம் என்பவர்கள் 'ரொட்டண்டிலோபா' ரகத்தை நடுகிறார்கள். 1930-ல் அதே வட கரோலினாவில் கண்டெடுத்தது. அநேகமாகக் காய்ப்பதே இல்லை. இலை முனைகள் கூராக இல்லாமல் வட்டமாக இருப்பதால், பார்த்தால் ஸ்வீட்கம் என்றே தோன்றாது. விளக்குக் கம்பம் போல ஒல்லியாக நிமிர்ந்து வளரும் 'ஸ்லெண்டர் சில்லவெட்', புதராக உருண்டு நிற்கும் 'கம்பால்' என்று வேறு ரகங்களும் உண்டு.

சரி, சென்னைக்கு வருகிறேன். ஜனவரியில் நங்கநல்லூர் திரும்பினால், பக்கத்து வீட்டு மாமி ஆன்லைனில் 'சிவப்பு மேப்பிள்' விதை வாங்கி மாடித் தொட்டியில் போட்டிருந்தார். அதற்குள் இடுப்பு உயரம், செம்பு நிறத்தில் நட்சத்திர இலை. "ஏண்டி, நீ போட்டோ அனுப்பினியே, அந்த மரமா இது?" என்று கூப்பிட்டுக் காட்டினார். இலையைத் திருப்பினேன். ஸ்வீட்கம்மில் காம்பு இலையின் அடி விளிம்பில் வந்து சேரும். இதில் விளிம்பைத் தாண்டி உள்ளே, குடைக்குக் கம்பி மாதிரி நின்றது. செவ்வாமணக்கு! மிச்ச விதையைக் கேட்டேன். உண்ணி போலக் கொழுத்து, புள்ளி போட்ட விதை. ஸ்வீட்கம் விதை பொடியாக, சிறகோடு இருக்கும்.

எனக்குப் பகீரென்றது. ஆமணக்கு விதையில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மாமி வீட்டிலோ மூன்று வயதுப் பேத்தி. அன்று சாயங்காலமே செடியைப் பிடுங்கினோம், சிந்திய விதை இருக்கிறதா என்று மாடி முழுக்கத் தேடினோம். வாங்கும்போது பாக்கெட்டில் போட்டிருக்கும் படத்தை நம்பாதீர்கள், விதையைப் பாருங்கள்.

மாமிக்குச் சிவப்பு இலைதான் ஆசை. ஸ்வீட்கம்மே கிடைத்தாலும் அந்த நிறத்துக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும், நங்கநல்லூரில் அதற்கு எங்கே போவது? ஆனால் எங்கள் தெருமுனையில் ஒரு வாதுமை மரம் இருக்கிறது. மாசியில் அது சிவந்து உதிர்ந்தபோது, பேத்தி நாலு இலை பொறுக்கிக்கொண்டு வந்தாள். மாமி அதைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.