பழைய காரில் எத்தனால் கலந்த பெட்ரோல்

கேள்வி: என்னுடையது 1997-ஆம் ஆண்டுக் கார்புரேட்டர் கார், அஸ்தம்பட்டியிலிருந்து எப்போதாவது ஏற்காட்டுக்கு ஓட்டுவதோடு சரி. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை நிரப்பத் தொடங்கிய பின், பெட்ரோல் குழாயைத் தொட்டால் பிசுபிசுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வண்டியை எடுக்காதீர்கள், ஐயா. எத்தனால் பழைய ரப்பரை உப்பவைத்து இளக்கிவிடும். கசிந்து சூடான இஞ்சின்மேல் சொட்டினால் தீப்பிடிக்கலாம். எத்தனாலைத் தாங்கும் குழாயைப் போட்டு, கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

மற்றொரு பதில்: எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மலைப் பனியில் டாங்கியைப் பாதி காலியாக வைத்து வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள், நீர் மிகுந்தால் அது எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும். எத்தனாலின் எரியாற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே ஆகையால், மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும்.

கேட்டவர்: குழாயை மாற்றிவிட்டேன். பழையதை வளைத்துப் பார்த்தபோது மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன.